அப்பா கையெழுத்தின் மேல் விழுந்த ஓட்டை

1. டக்

வில்லியனூர் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் தபால் செக்‌ஷன் கிளார்க்காக இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினேன். வருகிற காகிதத்தை வாங்கு, சீல் போடு, பஞ்சிங் மெஷினில் வைத்து அழுத்து, டேக் கோத்து ஃபைலில் சேர். இதுதான் வேலை. கை தானாகச் செய்யும், புத்தி வேறெங்காவது மேயும். அந்தக் கைதான் ஒருநாள் என்னையும் அம்மாவையும் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில் அப்பா இறந்தார். ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு தோட்டம், அவ்வளவுதான் சொத்து. இரண்டையும் அம்மாவுக்கும் கல்யாணமாகாத எனக்கும் உயில் எழுதியிருந்தார். அண்ணன் அந்தோணிக்கு ஒன்றும் இல்லை. அப்பாவைக் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு அண்ணன் அரியாங்குப்பம் போனதிலிருந்து, ஏழு வருஷமாக அப்பா அவரோடு பேசவே இல்லை. அந்தக் கோபத்தில் எழுதிய உயில். அது மட்டும் செல்லாமல் போனால், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்றைய வழக்கப்படி எல்லாம் மகனுக்குத்தான். பெண்பிள்ளைக்கு ஒரு செங்கல்கூட வராது.

உயில் செல்லும் என்று கோர்ட்டில் புரொபேட் வாங்க வேண்டும். அதற்கு வக்கீல் எதற்கு, தினமும் நூறு மனு பார்க்கிற எனக்கு ஒரு மனு எழுதத் தெரியாதா என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன.

ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் காகிதங்களை அடுக்கினேன். மேலே அப்பாவின் மரணச் சான்றிதழ், கீழே உயில். மெஷினில் வைத்தேன். டக்.

எடுத்துப் பார்த்தேன். உயில் ஒரே தாள். எழுத்து அடிவரைக்கும் வந்துவிட்டதால், அப்பா இடது பக்க மார்ஜினில் நெடுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார். மெஷின் போட்ட இரண்டு ஓட்டையில் ஒன்று அவர் பெயரின் நடுவில்.

2. பசை பாட்டில்

பக்கத்து சீட் தனபால் அண்ணன் சீனியர் கிளார்க். "இன்னா பிலோ, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

தாளைக் காட்டினேன். அவர் முகமும் மாறியது.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்ணி வெச்ச! எழுதினவரே கையெழுத்தக் கிழிச்சிட்டா உயில் ரத்துன்னு அர்த்தம். எதிர்க்கட்சி வக்கீல் இதத்தான் புடிச்சிப்பான்."

என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவருக்குப் பாவமாகப் போயிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "மெஷின் அடித்தட்ட தொற. துண்டு உள்ளதான் கெடக்கும். பசை வெச்சு ஒட்டிட்டா எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார்.

ஃபேனை நிறுத்திவிட்டு அடித்தட்டை மேஜையில் கவிழ்த்தேன். எத்தனை மாசத்து வெள்ளைப் பொட்டுகளோ, குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக விலக்கித் தேடியதில் நீல மை படிந்த பொட்டு கிடைத்தது. பசை பிரஷையும் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் ஒட்டவில்லை. ஆகா, என்ன நேர்மை என்று யாரும் மெச்ச வேண்டாம். ஒட்டினது தெரிந்தால் வேலையும் போய் ஜெயிலும் கிடைக்குமே என்ற பயம்தான். ஓட்டையோடு அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்தேன்.

அண்ணனுக்கு நோட்டீஸ் போனது. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வாசலில் யார் வந்து நின்றாலும் அண்ணனின் வக்கீலோ என்று எட்டிப் பார்ப்பேன். அம்மா மட்டும் அடிக்கடி கேட்பார்: "வூடு நம்மள்துதானே பிலோ?"

"நம்மள்துதாம்மா" என்பேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

3. ஜன்னல் வெளிச்சம்

விசாரணையன்று பயந்தபடியே அண்ணன் வக்கீலோடு வந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட சைக்கிள் கடைக்காரர், அப்பா கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டு இறங்கினார். உடனே வக்கீல் எழுந்தார். "போட்டது உண்மைதான். பிறகு மனம் மாறி அவரே அதைச் சேதப்படுத்தி ரத்து செய்திருக்கிறார்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் ஜட்ஜ்.

"நான்தான் ஓட்டை போட்டேங்கய்யா. ஆபீஸ் பழக்கம்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

தனபால் அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன், கோர்ட் என்றதும் நழுவிவிட்டார். அப்போதுதான் மேஜைமேல் திறந்து கிடந்த ஃபைலில் மரணச் சான்றிதழ் கண்ணில் பட்டது.

"அய்யா, அந்த டெத் சர்டிபிகேட்டையும் சேர்த்துத்தான் குத்தினேன். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்கய்யா."

ஜட்ஜ் இரண்டு தாளையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா பெட்டியும் கையுமாகத் தெருவில் நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நான் அவசரத்தில் சாய்வாக வைத்திருந்ததால் இரண்டு தாளிலும் ஓட்டை ஜோடி ஒரே சாய்வில் விழுந்திருந்தது. மெஷினின் ஒரு பல் மழுங்கியிருந்ததால் இரண்டிலும் ஒரே இடத்தில் காகிதப் பிசிறு.

ஜட்ஜ் வக்கீலைப் பார்த்தார். "இறந்ததுக்கப்புறம் வாங்கின சர்டிபிகேட்டோட சேர்ந்து விழுந்த ஓட்டை இது. செத்தவர் எழுந்து வந்தா ரத்து பண்ணார்?"

என்னிடம் திரும்பி, "நல்லவேளை, ஒட்டி கிட்டி வெக்காம விட்டீங்க. ஒட்டியிருந்தா உங்க பேச்ச நம்பியிருக்க மாட்டேன்" என்றார். உயில் செல்லும் என்று உத்தரவானது. எனக்குச் சந்தோஷம்கூட உடனே வரவில்லை.

வெளியே மரத்தடியில் அண்ணன் தனியாக நின்றிருந்தார். சண்டைக்கு வருவார் என்று ஒதுங்கப் பார்த்தேன்.

"பிலோ, நெசமாவே நீதான் ஓட்டை போட்டியா?"

"ஆமாண்ணே."

"எனக்கு வூடும் வேணா, தோட்டமும் வேணா. வக்கீல் கோர்ட்டுல உயில பாத்துட்டு வந்து கையெழுத்து கிழிஞ்சிருக்குன்னு சொன்னப்ப, அப்பா கடைசில மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன்டி. அத ஒரு ஜட்ஜு வாயால கேக்கலாம்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, ஒரிஜினலைப் பஞ்சிங் மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தவறு நடந்தால் மூடி மறைக்காதீர்கள் என்று சொல்வேன். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வக்கீலுக்கும் ஜெயிலுக்கும் அவ்வளவு பயந்த நான், நோட்டீஸ் போகும் முன்னால் அரியாங்குப்பத்துக்கு ஒரு பஸ் ஏறி, "அண்ணே, தெரியாம ஓட்டை போட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்னதான் வேண்டும் என்றும் கேட்டிருக்கலாம். வீட்டைத்தான் கேட்பார் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன்.