காக்கிக் கால்சட்டையில் வந்த மாத்திரை

ஊசி விரலுக்குள் போய் மறுபக்கம் வந்தது. எனக்கு வலிக்கவில்லை. வெள்ளைத் துணியில் ரத்தம் பரவிய பிறகுதான் குனிந்து பார்த்தேன். விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளே, என் பயம் அந்த நிமிஷம் பிறந்தது.

எழுபதுகளின் நடுவில், புதுப்பட்டினத்தில் தையல் மெஷின் போட்டிருந்தேன். கோவிலில் முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பேன். முழங்கைக்குக் கீழே வெளுத்த படை ஒன்று இருந்தது. தேமல் என்று ஊருக்குச் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி இறகை எடுத்தார். "எங்க தொடுறேன், காட்டுங்க." நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் எப்போதோ தொட்டு முடித்திருந்தார்.

தொழுநோய். வீடு, புருஷன், மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் தூரமாய்ப் போயின. டாக்டரம்மா பதறவில்லை. வழக்கமான வெள்ளை மாத்திரையோடு புதுசாய் ஒரு சிவப்பு மருந்தும் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறோம், சம்மதமா என்றார். உடம்பு கறுக்கும், பிறகு தெளியும், ஒரு நாளும் விடக்கூடாது என்றார். கையெழுத்துப் போட்டேன்.

கறுத்தேன். பக்கத்து வீட்டு ஜைத்தூன், "இன்னாக்கா, கருவாடாட்டம் காஞ்சிகினு கீற?" என்று சிரித்தாள். தெரிந்துவிட்டதோ?

விபூதிப் புதன் வந்தது. அன்று தொடங்கி ஈஸ்டர் வரைக்குமான தவசு காலத்துக்கு எல்லாரும் எதையாவது விடுவோம். என் வீட்டுக்காரர் சூசை பீடியை விட்டார். நான் மாத்திரையை விட்டேன். ஆண்டவரை மட்டுமே நம்புகிறேன் என்று காட்ட வேண்டுமாம். உண்மையைச் சொல்கிறேன்: பாதி விசுவாசம், பாதி கறுப்புக்குப் பயம்.

சில வாரத்தில் முழங்கையில் நெருப்பு. சுண்டுவிரல் மடங்கியது, நீட்டினால் நீளவில்லை. பிடித்த துணி நழுவியது. மாத்திரை வாங்க வராதவர்களைத் தேடி ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சைக்கிளில் வருவார். அந்தச் சைக்கிள் ஒரு வாசலில் நின்றால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். மெஷின் மேல் தலை சாய்த்து அழுதேன். "ஆண்டவரே, இந்தக் கையை எடுத்துக்கொள்ளாதேயும். யாரையாவது அனுப்பும். அந்தச் சைக்கிள்காரரை மட்டும் அனுப்பாதேயும்."

மறுநாள் காலை அவரே வந்தார். கையில் கிழிந்த காக்கிக் கால்சட்டை.

"தங்கச்சி, இத்த கொஞ்சம் தைச்சிக் குடும்மா!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். உள்ளே வந்ததும் குரல் இறங்கியது. "இந்த மாசம் வரலியே. கையைக் காட்டு."

நான் கிழிசலைப் பார்த்தேன். தையல்காரிக்குத் தெரியாதா? பிளேடால் நேராக வெட்டியது. என் மானத்துக்காக அவர் தன் துணியை வெட்டியிருந்தார்.

அப்போதும் பொய் சொன்னேன். "தவறாம சாப்ட்டேண்ணே."

"சாப்ட்டும் இப்டி ஆச்சுன்னா, புது மருந்து சரியில்லன்னு உன் சீட்டுல எழுதுவாங்கம்மா. அதெல்லாம் பாத்துத்தான் மத்தவங்களுக்குக் குடுக்கலாமா வாணாமான்னு முடிவு பண்ணுவாங்க."

அந்தச் சொல் என்னை உடைத்தது. அவரிடமும், பிறகு சூசையிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சூசையும் நானும் அன்றே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஏறினோம். "மாத்திரைய விடலன்னாலும் நரம்பு வீங்கலாம். ஆனா வலிச்சதும் ஓடி வந்திருக்கணும்," என்றார் டாக்டரம்மா. வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். கைக்குக் கட்டை வைத்துக் கட்டினார். விரல் பழையபடி நீளுமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார்.

அந்தப் 'பார்ப்போம்' மேல் பல மாதம் படுத்து எழுந்தேன். விடிந்ததும் முதலில் விரல், பிறகுதான் செபம். மாதாமாதம் கால்சட்டை வந்தது. அதன் பையில் என் மாத்திரை. "அண்ணாத்த சைக்கிள் சீட்டுல உக்கார்றாரா, முள்ளு மேல உக்கார்றாரா?" என்பாள் ஜைத்தூன். ஒரு நாள் காலை, சுண்டுவிரல் நீண்டு மெஷின் பலகையைத் தொட்டது. பலகையின் குளிர்ச்சி லேசாகத் தெரிந்தது. அங்கேயே முழந்தாளிட்டேன்.

நான் வேண்டாம் என்ற ஆளையே ஆண்டவர் அனுப்பினார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். படை இருந்த இடம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. கை தைக்கிறது.

உங்களில் யாருக்காவது தொட்டால் தெரியாத படை இருந்தால் செபியுங்கள். செபித்துக்கொண்டே செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறுங்கள். தனியாகப் போகப் பயமா? கிழிந்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.