டிரைவர் கிடைக்கட்டும்

ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது ஃபேக்டரியில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவன் நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை எத்தனை தடவை கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் என் வீட்டில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினில் நானே கை வைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

அந்த மெஷின் என் மனைவியின் லேப்டாப். அவளுக்கு நரம்பும் தசையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி. முதலில் கால் போயிற்று, பிறகு கை, பிறகு பேச்சு. அவளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். மிஞ்சியது வலது கட்டைவிரலின் ஒரு சின்ன அசைவும் கண்களும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை லேப்டாப்பில் மாட்டிக் கொடுத்தார். பெட்டியிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ஒரு பொத்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வெளிச்சமாகும். வேண்டிய வரிசை வரும்போது ஒரு அழுத்து, வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு அழுத்து. வாக்கியம் முடிந்ததும் லேப்டாப் அதை உரக்கப் படிக்கும்.

அவள் கன்னடத்தில்தான் எழுதுவாள். கொள்ளேகாலில் பிறந்தவள், வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. நான் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். கன்னடம் பேசுவேன், கேட்டால் புரியும், பஸ் போர்டைத் தாண்டி எதையும் படிக்க வராது. முப்பது வருஷம் வாயால் பேசிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றவில்லை. அவளுக்கு வாய் போன பிறகுதான், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூட இல்லை என்பது உறைத்தது.

அந்த லேப்டாப் அந்தப் பள்ளத்தைத் தூர்த்தது. பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரம் நம்பர் சொல்கிற அம்மாளின் குரல் மாதிரி ஒரு குரல் அதற்கு. அந்தக் குரலில் என் மனைவி ஒரு நாள் பத்து நிமிஷம் பாடுபட்டு எழுதிச் சொன்னது, "ஷேவ் மாட்கொள்ளி, கரடி தர இத்தீரா." ஷேவ் பண்ணிக்கொள்ளுங்கள், கரடி மாதிரி இருக்கிறீர்கள் என்று. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

தசராவுக்கு முன்னால் டாக்டரம்மா ஒரு விஷயத்தை அவளிடமே நேராகச் சொன்னார். மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்து மெஷின் மூலம் மூச்சு விடவைக்கலாம். வைத்தால் அதை எடுக்க முடியாது, படுத்தபடியே வருஷக்கணக்கில் இருக்க நேரலாம். வேண்டாம் என்றால், அந்த நேரம் வரும்போது கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும், என்னுடையதாக அல்ல என்று என்னைப் பார்த்தும் ஒரு தடவை சொன்னார். என் மனைவி எழுதிய பதில் இரண்டே சொல். "ஹப்ப முகீலி." பண்டிகை முடியட்டும்.

ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷினைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் மாற்றி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியது போடுவது எங்கள் ஃபேக்டரி வழக்கம். அழுக்கு மெஷினுக்குப் பூஜை போட்டால் சூப்பர்வைசருக்கு முன்னால் சாமிக்கே கோபம் வரும் என்போம். வேலையை விட்டு நின்றாலும் கை சும்மா இருக்கவில்லை. மிக்சியைப் பிரித்தேன், ஃபேனைக் கழற்றித் துடைத்தேன், ஸ்கூட்டரைக் கழுவினேன். மிச்சம் இருந்தது லேப்டாப். அதுவோ பல நாளாக, இந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழையதாகிவிட்டது, புதிய பதிப்புக்கு மாறுங்கள், இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பூஜைக்கு முந்தின நாள் காலையில் சரி என்று அழுத்தினேன். மூன்று மணி நேரம் ஓடியது. முடிந்ததும், பழைய பதிப்பின் ஃபைல்கள் இடத்தை அடைக்கின்றன, நீக்கவா என்று கேட்டது. ஓவர்ஹால் முடிந்தால் ஸ்கிராப்பை அன்றே வெளியே தள்ளிவிட வேண்டும் என்று பழகியவன் நான். நீக்கு என்றேன். லேப்டாப்பின் மூடிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். அவளைச் சாய்த்து உட்காரவைத்து, கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானை வைத்தேன்.

அவள் அழுத்தினாள். திரையில் ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் அழுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

சாதனங்களின் பட்டியலைத் திறந்தால், பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் "தெரியாத சாதனம்" என்று ஒரு வரி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. டிரைவர் இல்லை என்றது. டிரைவர் என்பது பெட்டி சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள். பழைய பதிப்பில் இருந்தது, புதியதற்கு ஒத்துவரவில்லை. பழையதற்குத் திரும்பிப் போகலாமா என்று பார்த்தேன். திரும்பிப் போக வேண்டிய ஃபைல்களைத்தான் ஸ்கிராப்பில் போட்டிருந்தேனே.

பெட்டி செய்த கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடினால், இந்த முகவரி விற்பனைக்கு என்று எழுதியிருந்தது. கம்பெனியே இல்லை. வேறு பக்கங்களில் பெரிய பச்சைப் பொத்தானில் டவுன்லோட், டவுன்லோட் என்று இருக்கும். அழுத்தினால் டிரைவரைத் தவிர மற்றதெல்லாம் வரும். இரண்டு நாளில் அந்த லேப்டாப் விளம்பரக் குப்பைமேடாகிவிட்டது. பெட்டியைக் கொடுத்த அம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர், எழுதிக் கொடுங்கள், பண்டிகை லீவு முடிந்ததும் பார்க்கிறோம் என்றார். அவர் மேல் கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம்.

ஹெப்பாள் மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவர் எங்கள் பக்கத்து ஆள், நாற்பது வயசிருக்கும். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, எல்லாம் அழிச்சிட்டு பழைய வெர்ஷனே போட்டுத் தந்துடலாம். ஆனா அப்பவும் இந்தப் பெட்டிக்கு டிரைவர் வேணுமல்லா? பெட்டியோட ஒரு சிடி வந்திருக்குமே, அது எல்லி?"

சிடி எங்கே என்று எனக்கு உடனே தெரிந்தது. பால்கனியில் புறா தொல்லை தாங்காமல், வீட்டில் கிடந்த பழைய சிடிக்களையெல்லாம் நூலில் கோத்து வெயிலில் தொங்கவிட்டிருந்தேன். வெளிச்சம் பட்டு மின்னினால் புறா வராது என்று ஃபேக்டரியில் ஒருவர் சொன்னது. வீட்டுக்கு ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். பெட்டியோடு வந்தது ஐந்தாவதோ ஆறாவதோ. ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு உரிந்து, கண்ணாடி மாதிரி ஆன அந்த இடத்தின் வழியாக எதிர்வீடு தெரிந்தது. புறாக்கள் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு பார்த்தன. அவை அதற்கு ஒரு நாளும் பயந்ததில்லை.

தினமும் காலையில் அவளைத் துடைத்து, உணவு கொடுத்து, கீழ்வீட்டு அம்மாவை உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். மத்தியானம் திரும்புவேன். "இன்னைக்கும் ஆகல. நாளைக்குக் கெடச்சிடும்மா" என்பேன். அவள் என்னையே பார்ப்பாள். இமையை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா, ஃபேனைக் குறைக்கணுமா, எல்லாம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு எந்த டிரைவரும் தேவைப்படவில்லை.

மகள் புனேயில் இருக்கிறாள். அவளுக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும். வீடியோ காலில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கன்னட எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், வேண்டிய எழுத்தில் இமையை மூடச் சொன்னாள். மனைவி கண்களை மூடினாள், திறக்கவில்லை. மகளிடம் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை அது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மகள் என்னைச் சமையலறைக்குப் போகச் சொல்லிக் கேட்டாள். "அப்பா, டியூப் வேணுமா வேண்டாமான்னு நீங்களே கேக்கலாமே. அம்மா கண்ணாலயே சொல்லிடுவாங்க."

"அது என்ன தண்ணி வேணுமா, காபி வேணுமான்னு கேக்குற மாதிரியா?" என்று கத்தினேன். "அவ உசுரு சம்பந்தப்பட்ட விஷயம். முழுசா, அவ வாயால சொல்லணும். டிரைவர் கிடைக்கட்டும்."

கேட்பதற்கு எவ்வளவு பெரிய மனிதத்தனமாக இருக்கிறது பாருங்கள். மகளும் நம்பிவிட்டாள், அழுதுகொண்டே சரி என்றாள். என் மனைவியின் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷமாகிறது, தெரியாமல் இருக்குமா? பக்கத்துத் தெருவில் ஒருவர் மெஷினோடு இரண்டு வருஷம் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று, வாய் இருந்த காலத்தில், "எனக்கு மட்டும் இப்பிடிப் பண்ணிப்போடாதீங்" என்று சொன்னவள் அவள். டிரைவர் கிடைக்காத வரை அந்தப் பதில் என் காதில் விழாது. அதனால்தான் அவ்வளவு தீவிரமாகத் தேடினேன் போலும். கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு உலகம் இருட்டாகத்தான் இருந்தது.

விஜயதசமி போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். ராத்திரி பதினொரு மணி வாக்கில் அவளுக்கு மூச்சு திணறியது. உதடு நீலமாயிற்று. ஆம்புலன்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண் திறந்திருந்தது. அப்போதும் கேட்டிருக்கலாம். சிக்னலில் வண்டி நின்ற இரண்டு நிமிஷம் போதும். நான் டிரைவரிடம், அந்த வண்டி ஓட்டுகிறவரிடம், சீக்கிரம் போ சீக்கிரம் போ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. உங்கள் மனைவி என்ன முடிவு சொன்னார்கள்?

"வைங்க" என்றேன். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஐசியூவில் பார்ப்பதற்கு நாளுக்கு இரண்டு தடவைதான் விட்டார்கள். மிச்ச நேரம் வீட்டில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் என்ன தோன்றியதோ, ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்தச் சாம்பல் பெட்டியின் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். ஒரு மோட்டார் நின்றால் மூடியைத் திறந்து, பேரிங்கின் நம்பரைப் படித்துவிட்டுத்தான் ஸ்டோருக்குப் போவோம். வெளிப்பெயரை வைத்துக்கொண்டு அலைகிறவனை ஃபிட்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பெட்டியை மட்டும் அத்தனை நாளில் நான் திறந்து பார்க்கவில்லை. உள்ளே விரல்நகம் அளவு ஒரு சிப். அதன் மேல் ஒரு நம்பர்.

நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் தேடினார். சந்தையில் பாதிப் பொருளில் இருக்கிற சாதாரண சிப் அது. அதைச் செய்கிறவர்களின் இணையப் பக்கத்திலேயே புதிய பதிப்புக்கான டிரைவர் இருந்தது. இறக்கி, பட்டியலில் கையால் பொருத்திவிட்டார். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"சே, மொதல்லயே தெறந்து பாத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் அண்ணா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நானும் பாக்கலியே, என் தப்பும்தான்" என்றார்.

அவளை வார்டுக்கு மாற்றிய அன்று லேப்டாப்பை எடுத்துப் போனேன். மெஷின் புஸ் புஸ் என்று அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தொண்டையில் டியூப், கழுத்தைச் சுற்றி வெள்ளை நாடா. கட்டைவிரலுக்குக் கீழே பொத்தானை வைத்தேன். "கெடச்சிடுச்சும்மா, சரியாயிடுச்சு" என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். வரிசைகள் வெளிச்சமாகிக்கொண்டு போயின. முதலில் இருந்த வேகம் அவள் விரலில் இல்லை. எழுத்து விட்டுப்போகும், மறுபடி முதல் வரிசையிலிருந்து காத்திருப்பாள். நர்ஸ் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போனார். எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் இருக்கும்.

பிறகு அந்தக் குரல் சொன்னது, "நனகெ பேடவாகித்து. நிமகெ கொத்தித்து."

எனக்கு வேண்டாமென்று இருந்தது. உங்களுக்குத் தெரியும்.

"தெரியும்மா" என்றேன்.

அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எடுத்தால் பொத்தானிலிருந்து விரல் விலகிவிடும், இன்னும் சொல்ல வேண்டியது இருந்தால் அவளால் சொல்ல முடியாது. தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.