வடலிக்குள் ஒருத்தி

என் வீட்டுக்காரருக்கு சாயல்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. போன வருஷம் வரை வீட்டுக்கு வந்தால் உப்பு, மழை, லாரி என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார். அப்புறம்தான் அந்தக் காட்டுப்பூனையைப் பார்த்தார். எனக்குச் சக்களத்தி வந்து சேர்ந்தாள்.

“அவ காலு இருக்கே, நம்ம வீட்டுப் பூனை மாதிரி கட்டையில்ல. நெடுநெடுன்னு இருக்கும்” என்பார், சோற்றைப் பிசைந்தபடியே. உடம்பு காய்ந்த புல்லின் நிறமாம். புள்ளி கிடையாதாம். காது நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம், குட்டை வாலின் முனையில் கறுப்பு வளையங்கள்.

“கண்ணு அம்புட்டு அழகு.”

“என் கண்ணு?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் உள்ளதுதான” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேர்தான் காட்டுப்பூனை. அடர்ந்த காடெல்லாம் அதற்கு வேண்டாம். கண்மாய்க் கோரை, சீமைக்கருவேலம் புதர், உப்பளத்தை ஒட்டி வளர்ந்த இளம்பனை வடலி, தின்ன எலியும் கௌதாரியும் இருந்தால் போதும். இதெல்லாம் எனக்கு எதற்கு? தினமும் இதே பேச்சு, மண்டையில் ஏறிவிட்டது. அவருடைய செல்போன் முகப்பில் என் படம்தான் இருந்தது. ஒருநாள் பார்த்தால் அந்த இடத்தில் மங்கலாக ஒரு வால்.

“நாளைக்கு நானும் வாரேன். அவ மூஞ்சிய நானும் பாக்கணும்” என்றேன்.

பொழுது விடிய உப்பளத்தில் போய் இறங்கினோம். பொங்கலுக்கு அவர் எடுத்துத் தந்த சிவப்புச் சேலையை வேண்டுமென்றே கட்டியிருந்தேன். அவர் கண் வடலியிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து, பாத்தி வரப்பில் கால்களை எட்டி எட்டி வைத்து நடந்தது. மனுஷன் பொய் சொல்லவில்லை, அழகிதான். எனக்கு வயிறு எரிந்தது. அவர் பக்கம் திரும்பாமலே நடந்து வந்தது, எனக்கு நேராக நின்றது. பிறகு உட்கார்ந்துகொண்டு என்னையே வெகுநேரம் பார்த்தது. அப்புறம் எழுந்து வடலிக்குள் போய்விட்டது.

அவர் முகம் சுண்டிப்போனது.

“ஒரு வருசமா வாரேன். என்னைய ஒரு நா கூட அவ இப்பிடிப் பாத்ததில்ல. ஒன்கிட்ட அப்பிடி என்னத்தக் கண்டா?”

“நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றேன்.

திரும்பி நின்று, என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார்.

“சேலை புதுசா?” என்றார்.