கொலினிடம் கொடுத்த அறுபத்திரண்டு தாள்கள்

கல்முனை பிரதான வீதியில் கலியாண வாழ்த்துக்கும் கடைத் திறப்புக்கும் பெனர் அடிப்பவன் முத்தலிப். பகலில் அந்தப் பிழைப்பு, கையில் நேரம் கிடைத்தால் கொமிக்ஸ். பைத்தியக்கார ஆசைதான். கல்முனைக்குடியில் கொமிக்ஸ் கீறி எவன் உருப்பட்டான் என்று கேட்டவர்களுக்கு அவன் பதில் சொன்னதே இல்லை.

பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. லீட்ஸ் நகரத்தில் கொலின் என்ற ஒருவர், தன் வீட்டுக் கராஜில் 'டின் கேத்தில்' என்றொரு சின்னக் கொமிக்ஸ் பதிப்பகம் நடத்திவந்தார். பெரிய கொம்பனிகள் சீந்தாத கதைகள்தான் அவருக்கு வேண்டும். முத்தலிப் பேஸ்புக்கில் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, மீன் ஏலம் பற்றிய அவனுடைய கதையைப் புத்தகமாகப் போட்டார். புத்தகம் ஓடியது. விருதும் ஒன்று கிடைத்தது. கராஜ் போய், மாடிக் கட்டடத்தில் அலுவலகம் வந்தது. முத்தலிப்புக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் தங்கச்சியைக் கீறத் துணிந்தான். சுனாமியில் போனபோது பஸ்மிலாவுக்குப் பதினொரு வயது. வீட்டிலிருந்த போட்டோக்கள் எல்லாம் அல்பத்தோடு கடலுக்குள் போய்விட்டன. அவளுடைய கடைசி வருடத்தை அறுபத்திரண்டு தாள்களில் வரைந்து முடித்தான். மார்க்கத்தில் கூடாதென்று சுவரில் உருவப்படம் மாட்டவே விடாத உம்மா, நாற்பதாவது தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இவதான். இந்தச் சிரிப்புத்தான்" என்றார். "புத்தகமெண்டா மூடி வெக்கலாம் மகன், போடட்டும்."

தாள்கள் பெரியவை. கல்முனையில் எந்தக் கடை ஸ்கேனருக்கும் அடங்கவில்லை. மூலத்தையே அனுப்பு, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்று கொலின் வட்ஸ்அப் கோலில் எளிய ஆங்கிலத்தில் சொன்னார். லண்டனுக்குப் படிக்கப் போன மச்சான் ஸஜாத், தாள்களைக் கையோடு கொண்டுபோய், லீட்ஸுக்கு ரயிலேறி அவர் கையிலேயே கொடுத்தான். கொடுப்பதற்கு முன், ஒரு துண்டு எழுதி வாங்கவா என்று கேட்டுப் போன் எடுத்தான்.

"உனக்கென்ன விசரா? அமானிதமாக் குடுக்கிற சாமானுக்கு ஆராச்சும் துண்டு கேப்பானா?" என்று முத்தலிப் ஏசினான்.

எங்கள் பக்கத்தில் நம்பி ஒப்படைக்கிற அமானிதம் அப்படித்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் நகைப்பொதியை நம்பிப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார். அதற்கு எழுத்துக் கேட்டால் முகத்தில் அறைந்த மாதிரி. போனிலாவது படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று இப்போது ஆளுக்காள் கேட்கிறார்கள். புத்தகமே வரப்போகிறது என்றிருந்தவனுக்கு அது தோன்றவில்லை, என்ன செய்வது?

பிறகு எல்லாம் தலைகீழானது. கடதாசி விலை ஏறியது. புத்தகங்களைக் கடைகளுக்கு அனுப்பிய கொம்பனி படுத்துவிட்டது. கொலினும் அகலக்கால் வைத்திருந்தார். முதலில் அடுத்த மாதம் என்றார், பிறகு கொஞ்சம் பொறு என்றார், அதற்குப் பிறகு பேச்சுமூச்சு இல்லை. கெட்ட மனிதர் இல்லை அவர், அதுதான் எரிச்சல். மனம் விட்டுத் திட்டவும் முடியவில்லை.

கடனில் முழுகிய பதிப்பகத்தை மூட நியமிக்கப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து மரியாதையான ஈமெயில் வந்தது. தாள்கள் உங்களுடையவை என்பதற்கு எழுத்து இருக்கிறதா? முத்தலிப் ஆங்கில ஆசிரியர் றமீஸிடம் ஓடினான்.

"நம்பிக் குடுத்தன் எண்டு எழுதுங்க சேர்."

"மூணு தரம் எழுதிட்டன் தம்பி. அது காணாதாம். எழுத்து இல்லாட்டி எல்லாம் கொம்பனிட சொத்தாம்."

மறுபடி கீறு என்றார்கள். கீறினான். வந்தது வேறு யாருடையவோ பிள்ளை. இருபது வருடத்துக்குப் பிறகு ஒருமுறை கைக்கு வந்த முகம், இரண்டாம் முறை வர மறுத்துவிட்டது.

ஆறு மாதம் கழித்து ஸஜாத் ஓர் இணைப்பு அனுப்பினான். ஏல விற்பனைத் தளம். டின் கேத்திலின் மிச்சம் மீதியெல்லாம், அவனுடைய தாள்கள் உட்பட, தனித்தனியாக விற்றுப்போயிருந்தன, நாற்பதாவது தாளும்தான். 'சிரிக்கும் சிறுமி. வரைந்தவர் யாரெனத் தெரியவில்லை' என்று கீழே போட்டிருந்தது. படத்தை யாரும் களவெடுக்காதபடி முகத்தின் குறுக்கே ஏலக்காரரின் பெயர். வாங்கியவர் யாரென்று சொல்லும் வழக்கமில்லை என்று அவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

உம்மாவிடம் மறைக்கத்தான் பார்த்தான், இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. போனைக் கொடுத்தான். உம்மா, படத்திலிருந்த முகத்தின் மேல் கிடந்த எழுத்தை விரலால் துடைத்தார். படம்தான் பெரிதாகி நகர்ந்தது.

"இப்ப ஆருட ஊட்டுல இரிக்கா இவ?"

"தெரியா உம்மா."

"அவங்களுக்கு இவ ஆரெண்டு தெரியுமா?"

"தெரியா."

உம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவங்களே வெச்சிக்கட்டும். இவட பேர் பஸ்மிலா எண்டு மட்டும் ஒரு கடிதம் எழுதிப் போடு மகன்."

முத்தலிப் ஓம் என்றான். யாருக்கு எழுதுவது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.