ஏழாம் பிரேம் நின்ற நேரம்

"உங்க கம்ப்யூட்டர் சொல்லுதது நெசமா, இந்தப் பொம்பள சொல்லுதது நெசமா?" என்று மேனேஜர் கேட்டார். கம்ப்யூட்டர்தான் சார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரேம்கள் எப்போது நின்றன, எப்போது ஓடின என்று ரிப்போர்ட் போடும் என் புரோகிராமை யூனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு அப்போதுதான் மாற்றியிருந்தேன். ஏழாம் பிரேம் முக்கால் மணி நேரம் நின்றதாக ரிப்போர்ட் வந்தது. அந்த பிரேமைப் பார்த்துக்கொள்ளும் ஜெயராணிக்கு வேலைநீக்க மெமோ தயாரானது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அழவில்லை. "பிரேம் நின்னா, ஓடுனா நேரத்த நாங்க சாக்பீஸால அதுலயே எழுதிப்போடுவோம் சார். அஞ்சு நிமிசத்துல ஓட்டிட்டேன். செத்த வந்து பாருங்க."

ஏழாம் பிரேமில் 10.20 நின்றது, 10.25 ஓடியது என்றிருந்தது. ரிப்போர்ட்டில் ஓடிய நேரம் 11.05. பக்கத்து பிரேம்களையும் பார்த்துக்கொண்டே போனேன். பன்னிரண்டாம் பிரேம் ஓடிய நேரம் 11.05! ஓடிப்போய் புரோகிராமைத் திறந்து பார்த்தேன்.

ஷிப்ட் முடிவில் புரோகிராமுக்குள் பிரேமுக்கு ஒரு த்ரெட்டாக, அதாவது தனித்தனி வேலையோட்டமாக, எல்லாம் ஒரே சமயத்தில் ஓடி, பதிவான செகண்டுகளைக் கடிகார நேரமாக மாற்றும். யூனிக்ஸில் இதற்கு localtime_r என்ற பங்ஷன் இருந்தது. விடையை நாம் கொடுக்கும் இடத்தில் எழுதும். அன்றைய விண்டோஸில் அது இல்லை. அங்கிருந்த localtime தரும் விடையை நகலெடுக்கிற மாதிரி நானே ஒன்று எழுதினேன். மல்டி-த்ரெட் லைப்ரரியோடு லிங்க் செய்திருந்தால் அது போதும், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இடம் கிடைக்கும். நானோ பழக்கதோஷத்தில் சிங்கிள்-த்ரெட் லைப்ரரியைப் போட்டிருந்தேன். அதில் எல்லா த்ரெட்டுக்கும் ஒரே இடம்தான். ஏழு தன் விடையை எடுப்பதற்குள் பன்னிரண்டு அதே இடத்தில் எழுதிவிட்டது.

"தப்பு என்னோடது சார்" என்றேன்.

"இனிமே சரியா வரும்னு எப்படி நம்ப?"

லைப்ரரியை மாற்றி, அதே ஷிப்டின் பதிவைப் பழையதிலும் புதியதிலும் நூறு முறை ஓட்டினேன். பழையது அவ்வப்போது உளறியது. புதியது ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஜெயராணி ஒவ்வொரு பிரேமாகப் போய் நேரத்தைச் சத்தமாக வாசிக்க, மேனேஜரே ரிப்போர்ட்டில் டிக் அடித்தார். அத்தனையும் பொருந்தின. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

மேனேஜர் மெமோவைக் கிழித்தார்.

"கிழிச்சாப் போதுமா சார்? எல்லாரு முன்னாடியும்ல திட்டுனீய. எம்மேல தப்பில்லன்னு எழுதி போர்டுல ஒட்டுங்க."

ஒட்டினார். வேறு சிஸ்டத்துக்கு மாற்றிய புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது, எல்லா த்ரெட்டையும் ஒன்றாக ஓடவிட்டு மோதவைத்துப் பாருங்கள் என்று இப்போது இளைஞர்களுக்குச் சொல்கிறேன். அன்று அந்த நோட்டீஸின் அடியில், தவறு புரோகிராமருடையது என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். ஜெயராணி இரண்டு தடவை வாசித்துவிட்டு, பிரேமை ஓட்டப் போனார்.