சனாவ்பர் பூட்டிய விருந்தறை

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு விருந்தறை உண்டு. வீட்டிலேயே பெரியதும், நல்ல கம்பளம் விரித்ததும் அந்த அறைதான். வீட்டுக்காரர்கள் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். கோடையில் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆனால் மின்சாரம் மாலையில் சற்று நேரம் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போன அந்தக் குளிர்காலங்களில், இருக்கிற நிலக்கரியில் பாதியை அந்த அறையே தின்றது. திடீரென்று யாராவது வந்து நின்றால் மானம் போய்விடாதா? அதற்காக அதைச் சூடாக வைத்துவிட்டு, நாங்கள் சமையற்கட்டில் கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்து சூப்புக் குடித்தோம். வருகிறவர்களும் வரவில்லை. அவர்களும் அவரவர் வீட்டில் கோட்டோடு உட்கார்ந்து விருந்தாளிக்குக் காத்திருந்தார்கள்.

எங்கள் ஊரான இஸ்தராவ்ஷானில் பிறந்தவர் யாரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னதில்லை. முதலில் சொன்னவள் என் பக்கத்து வீட்டுச் சனாவ்பர்.

அவள் பாலர் பள்ளியில் சமையற்காரி. குளிர் முற்றினால் பள்ளியை மூடிவிடுவார்கள். அப்புறம் வசந்தம் வரைக்கும் அவள் வீட்டில்தான். கணவன் நூரித்தின் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். மூத்த மகள் மஸ்தூரா கல்யாண வயதில் இருந்தாள். இளையவள் ஷாஹ்லோ முதல் வகுப்பில் படித்தாள். சனாவ்பர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். அவர்கள் வீட்டில் தும்மினால் நான் இங்கிருந்தே ஆயுசு நூறு என்பேன்.

அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஓர் எஜமானி இருந்தாள். நூரித்தினின் அக்கா கரோமத். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாலும், தம்பி வீட்டு மானத்துக்குத் தானே காவல் என்று நினைப்பு. அவள் சொற்படிதான் முந்தின குளிர்காலத்தில் விருந்தறை அடுப்பு அணையாமல் எரிந்தது. பெரிய சில்லா, அதாவது நாற்பது நாள் கடுங்குளிர், பாதி போவதற்குள் கரி தீர்ந்துவிட்டது. முற்றத்துப் பாதாமி மரத்தை வெட்டினார்கள். பச்சை மரம், புகைதான் வந்தது. ஷாஹ்லோவுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே மறுபடியும் ஓடினார்கள். அடுத்த குளிர்காலமும் இந்த நெஞ்சு இப்படிக் குளிரில் கிடந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். 

இலையுதிர்காலம் வந்ததும் அவள் வேலையைத் தொடங்கினாள். கரி போன வருடம் வந்த அளவுதான் வந்திருந்தது. அதற்கு மேல் கிடைக்க வழியில்லை. நான்கு அறைகளில் மூன்றைச் சாத்தினாள். விருந்தறையைப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன் அங்கே சுவரில் தொங்கிய கம்பளத்தைக் கழற்றி, தாங்கள் இருக்கப்போகும் சின்ன அறையின் வடக்குச் சுவரில் அடித்தாள். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பஞ்சைத் திணித்து, மேலே மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினாள். வாசலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள்.

அப்புறம் அந்தச் சின்ன அறையின் நடுவில் மண்ணைத் தோண்டி, ஒரு குழி வெட்டிச் சந்தலி போட்டாள். குழியில் தணல், தணல்மேல் சாம்பல், அதற்கு மேல் ஒரு குட்டை மேசை, மேசைமேல் நாலு பக்கமும் தரையில் வழியும் பெரிய பஞ்சு மெத்தை. அதற்குள் காலை நீட்டிக்கொண்டு சுற்றி உட்கார வேண்டியதுதான். எங்கள் ஊருக்குப் புதிதல்ல. மின்சாரம் வந்தபோது எல்லோரும் குழியை மூடிவிட்டோம், அவ்வளவுதான். சனாவ்பர் தெருக்கோடித் தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு முடித்ததும் தணலை வாரிவந்து, முழுக்கச் சிவக்கும் வரை முற்றத்திலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவாள். ஒரு கங்கு கறுப்பாக இருந்தாலும் குழியில் போட மாட்டாள். சரியாக எரியாத கரியிலிருந்து வரும் விஷவாயு கண்ணுக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும் என்பது தெருவுக்கே தெரியும். நிலக்கரியைக் காலையும் மாலையும் இரும்பு அடுப்பில் சமையலுக்கு மட்டும் போட்டாள். அந்தச் சூட்டிலேயே செங்கலைக் காயவைத்து, துணியில் சுற்றி, படுக்கையில் பிள்ளைகளின் கால்மாட்டில் வைத்தாள்.

இதெல்லாம் போகட்டும். தெரு வாயைப் பிளந்தது வேறொன்றுக்கு. சந்தலிமேல் போட்ட மெத்தையும், சுற்றிலும் விரித்த மெத்தைகளும் மஸ்தூராவின் சீர் மெத்தைகள். பெண் பிறந்த அன்றிலிருந்து தைத்துத் தைத்து, சுவர் மாடத்தில் கூரை முட்ட அடுக்கி, கல்யாணம் வரை யாரும் விரல் படாமல் வைத்திருப்போமே, அவைதான்.

கேள்விப்பட்டுக் கரோமத் வந்தாள். பூட்டிய அறையைப் பார்த்தாள், இடம் மாறிய கம்பளத்தைப் பார்த்தாள், மெத்தைகளைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன்டி, எந்தம்பி செத்தா போயிட்டான்? பொண்ணு கேட்டு நாளைக்கு நாலு பேரு வந்தா எங்க உக்கார வைப்ப, கோழிக் கூண்டுலயா?"

வருகிறவர்களைத் தாங்கள் உட்காரும் இடத்திலேயே உட்கார வைப்பேன் என்று சனாவ்பர் அமைதியாகச் சொன்னாள். பெண் கேட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் ஒரு தடவையில் போக மாட்டார்கள். மூன்று தடவையாவது வர வேண்டும், பெண் வீட்டார் மூன்றாவது தடவைதான் மசிய வேண்டும். உறைந்து கிடக்கிற அந்தப் பெரிய அறையை மூன்று தடவை சூடாக்கினால் கரிக்குவியல் பெரிய சில்லாவைத் தாண்டாது, அப்புறம் ஷாஹ்லோவை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கேட்டாள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அதோடு ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டாள். கரோமத் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. வீடு இன்னும் கதகதப்பாக இருந்தது.

சில்லாவின் நடுவில், பனி முழங்கால் உயரம் கிடந்தபோது, பெண் கேட்டு வரப்போவதாகச் செய்தி வந்தது. சாதாரண இடமில்லை. பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம், இரண்டு மாடி வீடு. பையனின் அம்மா பஷோரத். அவள் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். மஸ்தூராவுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும், சுவர் மெல்லிய சுவர்.

அவர்கள் வருவதாக இருந்த அன்று காலை சனாவ்பர் தெருக்கோடித் தந்தூரில் ரொட்டி சுடப் போயிருந்தாள். கரோமத்திடம் விருந்தறைக்கு இன்னொரு சாவி இருந்தது, அவள் அப்பா காலத்துச் சாவி. வந்தாள், திறந்தாள், குவியலிலிருந்து வாளி வாளியாகக் கரியை அள்ளி அடுப்பை மூட்டிவிட்டாள். போன குளிர்காலத்துக்குப் பிறகு தீ காணாத அடுப்பு. புகைபோக்கியில் சிட்டுக்குருவிகள் குடும்பம் நடத்திவிட்டுக் கூட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தன. புகை மேலே போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பியது. ஜன்னல்களைத் திறந்தாள். புகையில் பாதி வெளியே போனது, ஊர்க்குளிர் முழுவதும் உள்ளே வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

பஷோரத்தும் அவள் நாத்தனாரும் நின்றார்கள். கரோமத்தா விடுவாள்? நேராக விருந்தறைக்கே அழைத்துப்போனாள். மரியாதைக்குரிய விருந்தாளி வாசலுக்குத் தூரமாக, மேலிடத்தில் உட்கார வேண்டும். மேலிடம் என்பது அந்த அறையில் ஜன்னலடி. பஷோரத்தை அங்கே உட்கார வைத்தாள். கம்பளம் இல்லாத வெற்றுச் சுவர் எல்லோரையும் முறைத்தது. தேநீர் கொண்டுபோக என்னைக் கூப்பிட்டார்கள். பஷோரத் கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோகவே இல்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் மூக்கு பீட்ரூட் நிறத்தில் இருந்தது. நாத்தனாரின் கண்ணிலிருந்து புகைக்கு நீர் கொட்டியது. குளிர்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கரோமத் தன் வம்சத்துப் பெருமையைப் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பித்தாள்.

சனாவ்பர் ரொட்டிக் கூடையோடு வந்து கீழிடத்தில் உட்கார்ந்தாள். விருந்தாளி முன்னால் சண்டை போட முடியாதே, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சின்ன அறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. புகை கதவிடுக்கு வழியாக அங்கேயும் போயிருந்தது. ஒரு தடவை, பிறகு விடாமல். அந்தக் குளிர்காலத்தில் நான் அதுவரை ஷாஹ்லோ இருமிக் கேட்டதே இல்லை.

சனாவ்பர் எழுந்தாள். அடுப்பு மூடியைத் திறந்து, பக்கத்திலிருந்த வாளிச் சாம்பலை அப்படியே உள்ளே கொட்டினாள்.

"பஷோரத் அக்கா, உங்கள இங்க உக்கார வச்சது மரியாதை இல்ல, பாவம். என் புள்ள இருமுது, எனக்கு இந்த அடுப்பு வேணாம். நாங்க இருக்குற ரூமுக்கு வாங்க. புடிக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க, வேற வீடு பாத்துக்கோங்க."

வாசலில் நின்ற மஸ்தூரா வெளுத்துப்போனாள். இந்த இடம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

பஷோரத் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"அங்க கால நீட்டலாமா?" என்று கேட்டாள்.

சின்ன அறையில் புகை மெல்லியதாகத்தான் இருந்தது. மஸ்தூரா கதவைத் திறந்து விசிறி விரட்டினாள். ஷாஹ்லோ வெந்நீர் குடித்துச் சற்று நேரத்தில் அடங்கினாள். பஷோரத் பூட்ஸைக் கழற்றி, சந்தலிக்குள் காலை விட்டு, மெத்தையை இடுப்புவரை இழுத்துக்கொண்டாள். "யா அல்லா" என்றாள். கரோமத் மட்டும் உட்காராமல் வாசலில் நின்றாள். பேச்சு முடிவாகாமல் இரு வீட்டாரும் ஒரே போர்வைக்குள் கால் வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று என் காதில் சீறினாள்.

பஷோரத்தின் விரல் மெத்தையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"இது சீர் மெத்தையாச்சே."

கரோமத் கண்ணை மூடிக்கொண்டாள். சனாவ்பர் மழுப்பவில்லை.

"ஆமாக்கா, மூத்தவளுக்குத் தச்சது. சின்னவளுக்கு நெஞ்சு சரியில்ல. மூத்தவதான் மாடத்துல ஏறி ஒவ்வொண்ணா எறக்கிக் குடுத்தா. வேணாம்டின்னு நான் சொல்லியும் கேக்கல."

பஷோரத் மஸ்தூராவைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் நாத்தனாரைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுல கூரை முட்ட அடுக்கி வச்சிருக்கோம். ராத்திரி கோட்டோட படுக்குறோம்."

நாத்தனார் முதலில் சிரித்தாள். பிறகு பஷோரத் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரை. கணவன் பஜார் விருந்தாளிகளுக்காக மேல்மாடிக் கூடத்தைச் சூடாக வைத்திருப்பதையும், தன் முழங்கால் வலியையும், இந்தச் சில்லா தொடங்கியதிலிருந்து தன் கால் இன்றுதான் சூடு கண்டது என்பதையும் மளமளவென்று கொட்டினாள். ஒரு சொல்லுக்கு மூச்சு வாங்க வைக்கிறவள்! பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கியும்விட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் குறட்டை விட்ட மாமியாரை நான் அன்றுதான் பார்த்தேன். நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பாசிப்பயற்றுக் கஞ்சி குடித்தோம்.

கண் விழித்ததும் அவள் கேட்டது ரொட்டி. ரொட்டியை உடைத்துவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. கரோமத் பதறிப்போய், மூன்றாவது தடவைதானே உடைப்பது, முதல் தடவையிலேயே கொடுத்தால் பெண்ணைத் தள்ளிவிட்டோம் என்று ஊர் பேசும் என்றாள்.

"மூணு தடவை வந்தா மூணு தடவையும் அந்த ரூம்ல உக்கார வைப்ப. எனக்கு உசுரு வேணும்," என்றாள் பஷோரத்.

சனாவ்பர் மகளைப் பார்த்தாள். மஸ்தூரா தலையைக் குனிந்துகொண்டே போய், அன்று காலை சுட்ட ரொட்டிகளில் நல்லதாக இரண்டைப் பார்த்து எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தாள். பெண் வீட்டுப் பக்கம் வயதில் மூத்தவள் என்பதால் உடைக்க வேண்டியவள் கரோமத். உடைக்க உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கால் எங்கே போகும்? போனது. ரொட்டியை உடைத்த பிறகும் காலை வெளியே எடுக்கவில்லை, சாயங்காலம் வரை.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொண்டாட்டம்தான். அடுத்த வாரமே பஷோரத் ஆளனுப்பிச் சனாவ்பரை அழைத்துப்போனாள். சம்பந்தி வீட்டில் முதல் விருந்து சாப்பிடப் போனவள், கீழ் அறையில் குழி வெட்டிவிட்டு வந்தாள். மேல்மாடிக் கூடத்தைப் பஷோரத் தன் கையாலேயே பூட்டினாளாம். துணிக்கடைக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தன் கூட்டாளிகளைச் சந்தலிக்கே கூட்டிவந்துவிட்டார். பெரிய வீட்டில் செய்தால் அது வழக்கமாகிவிடும் அல்லவா? எங்கள் தெருவில் ஒவ்வொரு விருந்தறையாகப் பூட்டு விழுந்தது. நானும் பூட்டினேன்.

கரோமத் வீணாக்கிய வாளிகள் போக மிச்சக் கரியை, சனாவ்பர் தங்கம் நிறுப்பது போல நிறுத்துச் செலவழித்தாள். வசந்தப் புத்தாண்டான நவ்ருஸ் வந்து வாதுமை பூத்தபோது முற்றத்து மூலையில் இன்னும் கறுப்பாக ஒரு குவியல் இருந்தது. போன வருடம் அந்த இடத்தில் தரையைச் சுரண்டினார்கள்.

ஷாஹ்லோவைக் காட்டிவிட்டு வரலாம் என்று ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூவரும் போனோம். அதே டாக்டரம்மாதான். முதுகில் குழலை வைத்தாள், மூச்சை இழுக்கச் சொன்னாள், நெஞ்சில் வைத்தாள். சுத்தமாக இருக்கிறது என்றாள்.

"இன்னொரு தடவை கேளுங்கம்மா," என்றாள் சனாவ்பர்.

டாக்டரம்மா கோபிக்காமல் இன்னொரு தடவை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே இல்லை என்று சொன்னாள். சனாவ்பர் அங்கேயே, அந்த நோயாளிகள் வரிசைக்கு முன்னால், தலைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டு விடாதவள். எனக்கும் அடக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது கரோமத் தெருமுனையில் நாலைந்து பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். சனாவ்பர் அவள் பக்கத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, தெருவுக்கெல்லாம் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"மதினி, புள்ளைக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்!"

கரோமத் ஓடிவந்தாள். ஷாஹ்லோவைத் தூக்கி, அந்தக் குட்டி நெஞ்சில் தன் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.