தாய் மீனுக்குத் தனித்தொட்டி

மீன்தொட்டிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எட்வின் அண்ணன் போனில் கூப்பிட்டார். கிரேஸ்லின் அக்காவின் கணவர். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். எப்போதும் உரக்கப் பேசுபவர், அன்று மெல்லச் சொன்னார்: "அவ போயிட்டா மக்கா. நெஞ்சுவலி ஆக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எத்தல்ல." மீதித் தொட்டிகளுக்கும் தீனி போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

நம் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தத் திட்டு தெரியும். பாறசாலையில் ரயிலேறி, நெய்யாற்றின்கரையில் ஏறும் எனக்குப் பையை வைத்து இடம் பிடித்திருப்பார். "முகம் ஓரிடத்துல முளைக்காது மக்கா. பின்னால இருந்து நடந்து வருது" என்றார் ஒருநாள். மீன் கருவின் தலையில் தோன்றும் உயிரணுக்கள் நகர்ந்து வந்து தாடைக் குருத்தெலும்பு ஆவதைத்தான் சொன்னார். எதிரே இருந்த பெண் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

எந்த மரபணு கெட்டால் அந்தப் பயணம் நின்றுபோகிறது என்பதே எங்கள் ஆராய்ச்சி. ஆண், பெண் இரண்டு மீனிலும் ஒரே பழுது மறைந்திருந்தால், குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்குத் தாடை வராது. வயிற்றில் மஞ்சள்கரு இருக்கும்வரை அவையும் நன்றாகவே நீந்தும். அது தீர்ந்தால் தின்ன வாய் இல்லை. அதற்கு முன்பே அக்கா அவற்றை அளவு மிஞ்சிய மயக்க மருந்தில் விட்டு, நோகாமல் முடித்துவிடுவார். "பசின்னா என்னதுன்னு அதுகளுக்குத் தெரியண்டாம்" என்பார். பிறகு தாய் மீனை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றுவார். அதற்குக் காரணம் கேட்டால், "கிடக்கட்டு" என்பார்.

அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. தாடை உள்ளொடுங்கி, அண்ணம் பிளந்து பிறந்தவன். பால் குடிக்க முடியாமல் சில நாட்களில் போய்விட்டான். "கிரகணத்தன்னைக்கு மீன் வெட்டப்பிடாதுன்னு சொன்னேன்லா" என்றாராம் மாமியார். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாத அம்மாள்தான். என்னிடம் அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார்.

"கிரகணம்னா எனக்க கை. மரபணுன்னா எனக்க உடம்பு. எப்படிப் பாத்தாலும் நான்தானே?"

"ஒரு ஆளுகிட்ட மட்டும் இருந்தா போராதே அக்கா. நீங்கதான சொல்லித் தந்தீங்க?"

"அது மீனுக்கு" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை.

காரோடு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு எட்வின் அண்ணன் என்னை நிறுத்தினார். "பிள்ளைக்கு வந்தது ரெண்டு பேருகிட்ட இருந்தும் வந்திருக்கலாம் இல்லியா? அவளுக்கு அது தெரியாதா?"

"தெரியும் அண்ணா."

"பின்ன எனக்க ரத்தத்த ஒருக்கா கூட கேக்கல்லியே."

சட்டைக் கையைச் சுருட்டி என் முன்னால் நீட்டினார். "இப்ப எடு."

எடுத்து இனி யாருக்குச் சொல்ல? சுருட்டிய கையை நானே இறக்கிவிட்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன்.

இன்றும் நெய்யாற்றின்கரையில் ஏறியதும் என் கண் அந்தப் பையைத்தான் தேடுகிறது. உருப்பெருக்கியில் குனிந்தால் அந்தத் தாடையில்லாத முகங்களுக்கு நடுவே, நான் பார்த்தே இராத ஒரு பிள்ளையின் முகம் வந்துவிடுகிறது. மஞ்சள்கரு தீரும் முன்பே அந்தக் குஞ்சுகளை மயக்க மருந்தில் விடுவது இப்போது என் வேலை. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். தாய் மீனைத் தனியாக எடுப்பதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தான் இருக்கின்றன.